ஸ்டிக்கர் மேல் சந்தனம்

ஜூன் 5, வியாழன்

காற்று. காலையிலிருந்து ஒரே புழுதி. திருச்சுழிக்கு மாட்டுத்தீவன லோடு. தார்ப்பாயை நான் கட்ட, காற்று அவிழ்க்க, அப்படியே போய்ச் சேர்ந்தோம்.

மத்தியானம் வீட்டுக்கு கூரியர், மகள் மகா பேருக்கு. பைக் கம்பெனியின் நீல ஸ்டிக்கர் இரண்டு, சட்டை ஒன்று. சட்டை முதுகில் கம்பெனி பெயர், என் உள்ளங்கை அகலத்துக்கு ஒவ்வொரு எழுத்தும்.

புரிந்தவரை எழுதி வைக்கிறேன். யாராவது கேட்டால் உளறுவது நான்தான். டிராக் ரேஸ் என்றால் நேர் ரோடு, இரண்டு பைக், பச்சை விளக்கு எரிந்ததும் பாய வேண்டியது. கால் மைல். எல்லாரும் ஓடிய நேரத்தை வைத்து இடம். வளைவு கிடையாது, பிரேக் கடைசியில்தான். ரேஸ் நடத்துகிறவர்கள் கோப்பை கொடுப்பார்கள். அதுபோக பைக் செய்கிற கம்பெனியும் தருமாம். அவர்கள் வண்டியில் ஓடி பெண்கள் பிரிவில் முதல் இரண்டு இடம் வந்தால் பணம். முதல் மூன்று இடத்துக்கும் வருஷம் பூராவும் டயர், கிளட்ச் கம்பெனி செலவு. ஒரே நிபந்தனை: டேங்கின் இரண்டு பக்கமும் அவர்கள் ஸ்டிக்கர். ஓடும்போது எடுக்கிற போட்டோவில் அது தெரிய வேண்டும்.

ஜூனில் ஒரு ரேஸ், ஜூலையில் ஒன்று. இரண்டிலும் கம்பெனி கைகொடுக்காவிட்டால் பைக்கை விற்றுவிடுவது. பின்டயர் இப்போதே என் தலை மாதிரி வழுக்கை. இன்னொன்று வாங்க எனக்குத் தெம்பில்லை. விற்கலாம் என்று முதலில் சொன்னது மகாதான். நான் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு உறுத்தாது.

என் லோடு வண்டி குட்டியானை. நாற்பதைத் தாண்டினால் இடது கதவு பேச ஆரம்பிக்கும். எனக்குப் போய் இப்படி ஒரு பிள்ளை எப்படி என்று வீட்டுக்காரி செல்வியிடம் கேட்டேன்.

"எங்க வீட்டுப் பக்கம்" என்றாள், அரிசி களைந்துகொண்டே.

ஸ்டிக்கர் கவரைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறாள்.

ஜூன் 8, ஞாயிறு

வெயில் ஏறுமுன் மகாவுக்கு ஓட்டப் பயிற்சி, எம்.ரெட்டியபட்டி தாண்டி, வீட்டுமனை போட்டு விற்காமல் கிடக்கிற பிளாட்டில். பிளாட்காரர் என் லோடு வாடிக்கை, ஞாயிறு மட்டும் கேட்டைத் திறந்துவிடுவார். நல்ல தார் ரோடு. வெள்ளைக் கல் வரிசை வரிசையாக. 'மூன்றாவது தெரு' என்று போர்டு. வீடு ஒன்றுகூட இல்லை. சீமைக்கருவேலம் மட்டும் குடி வந்திருக்கிறது.

மெக்கானிக் காதர் வந்திருந்தான், பாளையம்பட்டியிலிருந்து. கடையைப் பூட்டிவிட்டு சும்மா வருகிறவன். எடை குறைக்க வண்டியிலிருந்து கழற்றியது: கண்ணாடி, ஹெட்லைட், நம்பர் பிளேட், பின்சீட்டு, சைடு ஸ்டாண்டு, சேலைக் கம்பி. முழு வண்டிக்குக் காசு கொடுத்து வாங்கி, பாதியைச் சாக்கில் கட்டி வைத்திருக்கிறோம். போன வாரம் வத்தல் கடை மூட்டைத் தராசில் பைக்கை ஏற்றி எடை பார்த்தோம். கடைக்காரர் நிதானமாகக் கேட்டார், "கிலோ என்ன வெலைக்குப் போடுறீக?"

"இன்னும் என்னடா கழட்டலாம்?" என்றேன் காதரிடம்.

"நீங்க பேசாம இருந்தாலே பாதி பாரம் கொறையும்ணே."

ரோட்டுக் கடைசியில் தண்ணீர் நிற்கிற மாதிரி கானல். மகா அதற்குள் போய்க் கரைந்துவிடுகிறாள். கொஞ்ச நேரம் சத்தம் மட்டும். பிறகு கண்மாயிலிருந்து கரையேறுகிற மாதிரி மெதுவாக வருகிறாள், முதலில் ஹெல்மெட், அப்புறம் தோள், அப்புறம் சக்கரம். அதை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

ஆனால் போவதை நான் பார்த்ததில்லை. இங்கே மட்டும் எழுதுகிறேன். கிளம்பும்போது முன்சக்கரம் லேசாகத் தூக்கும். அது தூக்குவதற்கு முன்பே கண் தானாக மூடிக்கொள்ளும். திறந்தால் தெரு காலி.

"எப்புடிப்பா இருந்துச்சு?" என்பாள்.

"அருமைத்தா" என்பேன். எப்போதும் அதே அருமை.

ஜூன் 13, வெள்ளி

கு.யா.வுக்கு, அதாவது குட்டியானைக்கு, வெள்ளிக்கிழமைக் குளியல். முன்னால் இருக்கிற கம்பெனி முத்திரையில் சந்தனம், நடுவில் குங்குமம். அதுதான் வண்டிக்கு நெற்றி. இந்த ஊரில் அந்த இடத்தில் பொட்டு இல்லாத லோடு வண்டியைப் பார்க்க முடியாது.

நாளைக் காலை கிளம்ப வேண்டும். ரேஸ் கோயமுத்தூர் தாண்டி. எடுக்க வேண்டியது: கயிறு, பெட்ரோல் கேன், மகா சட்டை, புளிச்சாதம், எலுமிச்சம்பழம். செல்வி சந்தன டப்பாவைத் தனியாகக் கையில் கொடுத்தாள்.

"பைக்குக்கு வச்சு விடுங்க. மறந்துறாதீக."

பாளையம்பட்டியில் லோடு ஏற்றும்போது சீட்டிலேயே கண் அயர்ந்துவிட்டேன். கனவில் கு.யா. பறக்கிறது. கதவு பேசவே இல்லை. பின்னால் ஏற்றிய மூட்டையெல்லாம் பஞ்சாகி மிதந்து வருகிறது. லோடுமேன் வந்து கதவைத் தட்டி எழுப்பினான்.

ஜூன் 15, ஞாயிறு

ரேஸ் மைதானம். எழுதக் கை வரவில்லை, ஆனாலும்.

காலையில் வண்டிச் சோதனை. ஸ்டிக்கர் பளிச்சென்று இருந்தது, சரி என்றார்கள். மகா ஹெல்மெட் மாட்டப் போனாள். காதர் காற்றடிக்கிற பம்பு கேட்டு வாங்கப் போனான். பைக்கோடு நான் மட்டும். டப்பா ஞாபகம் வந்தது. எங்கே பூசுவது? ஹெட்லைட் இல்லை, நம்பர் பிளேட் இல்லை. முகமே இல்லாத வண்டி. சுற்றிச் சுற்றி வந்தேன். நெற்றி மாதிரி இருந்தது டேங்கில் கம்பெனி பெயர் ஒன்றுதான். படியளக்கப் போகிற கம்பெனி, குறைவாக வைக்கக் கூடாது என்று தாராளமாகக் குழைத்து, இரண்டு பக்கமும். நடுவில் குங்குமம்.

இவ்வளவு அக்கறையாக நான் எதையும் பூசியதில்லை.

மகா மூன்றாவது. மூன்றாவது! நானும் காதரும் கட்டிப்பிடித்து, என் செருப்பு ஒன்று எங்கேயோ.

அப்புறம் கம்பெனித் தம்பி வந்தார். கழுத்தில் அட்டை. கையில் வைத்திருந்த படத்தைக் காட்டினார்.

"லோகோ எங்க சார்?"

"அடியில இருக்குங்க தம்பி."

"போட்டோல வரணும் சார்."

"சாமியே வந்திருக்குல்ல" என்றான் காதர்.

தம்பி சிரிக்கவில்லை. "ரூல் சார். மேல அனுப்புனா நிக்காது." அவர் முகத்திலும் வருத்தம் இருந்தது. அதனால் சண்டை போடவும் வழியில்லை.

கோப்பை உண்டு. டயர் இல்லை. திரும்பி வரும்போது மகா கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். கதவு மட்டும் பேசியது.

ஜூன் 16, திங்கள்

லோடு போகவில்லை. மேகமூட்டம், மழை கிடையாது.

"ஸ்டிக்கருல பூசச் சொன்னது யாரு?" என்றாள் செல்வி.

"நீதான டப்பாவக் குடுத்த."

"வண்டிக்குன்னு குடுத்தேன். கம்பெனிக்கா குடுத்தேன்?"

வாசலில் மகா பைக் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அப்பனுக்குப் புத்தி மட்டுத்தா, மனசுல வச்சுக்காத என்றேன்.

"நான் அப்பவே பாத்தேம்பா" என்றாள், நிமிராமல்.

"எப்ப?"

"லைன்ல நிக்கையில. கையால ஒரு இழுப்பு இழுத்திருந்தா போயிருக்கும்."

"இழுக்க வேண்டியதுதானத்தா."

"நீ அங்க வேலிக் கம்பியப் பிடிச்சுக்கிட்டு நேரா என்னையவே பாத்துக்கிட்டு நின்ன. நீ வச்சத ஒன் கண்ணு முன்னாடி எப்புடிப்பா அழிக்கிறது? ஓடுற வேகத்துல உதுந்துரும்னு நெனச்சேன். காஞ்சு ஒட்டிக்கிருச்சு."

கம்பியைப் பிடித்திருந்தது உண்மை. முகம் அவள் பக்கம் இருந்ததும் உண்மை. அவ்வளவு தூரத்திலிருந்து, ஹெல்மெட்டுக்குள்ளிருந்து, என் கண் மூடியிருந்தது அவளுக்கு எப்படித் தெரியும். நான் பார்த்துக்கொண்டிருந்தது இமைக்கு உள்ளே இருக்கிற சிவப்பை.

அதற்காக அவள் ஒரு டயரை விட்டிருக்கிறாள்.

எண்ணெய்க் குப்பியை மூடிக் கொடுத்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

பிளாட். காற்று குறைவு. கண்ணைத் திறந்து வைக்க எனக்குப் பயிற்சி.

முதல் ஓட்டம்: மூடிவிட்டது.
இரண்டாவது: காதரின் கூலிங் கிளாஸ் போட்டுப் பார்த்தேன். கண்ணாடிக்குள் மூடிக்கொண்டது.
மூன்றாவது: இமையை விரலால் பிடித்தேன். காதர் பார்த்துவிட்டான்.

"கண்ணு வலியாண்ணே?"

"தூசிடா."

"தூசிய எடுக்கிறவுக இப்புடி முழிச்சுக்கிட்டா நிப்பாக?"

சொல்லிவிட்டேன் அவனிடம். சிரிப்பான் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. "சக்கரத்தப் பாக்காதீகண்ணே. சக்கரம் தூக்கத்தான் செய்யும். ஸ்டிக்கர மட்டும் பாருங்க. அது தெரியுதா தெரியலையா, அதான் ஒங்க வேல" என்றான்.

நாலாவது: பாதி வரை திறந்திருந்தது. நீலமாக ஏதோ நகர்ந்தது.

ஜூன் 29, ஞாயிறு

லோடு வந்துவிட்டது, பிளாட்டுக்குப் போகவில்லை. பாலவனத்தம் ரோட்டில் எதிரே வருகிற பஸ்ஸையெல்லாம் இமைக்காமல் பார்த்துப் பழகினேன். ஒரு டிரைவர் ஜன்னலில் தலை நீட்டி, "என்னய்யா மொறைக்கிற?" என்றார்.

ஜூலை 7, திங்கள்

பாலவனத்தம் டீக்கடை ஓரம். காலை. காதரை விருதுநகரில் அவன் அக்கா வீட்டில் இறக்கிவிட்டு வருகிறோம். மகா முன்சீட்டில் தூக்கம். நேற்று ஜூலை ரேஸில் நடந்ததை இங்கேயே எழுதிவிடுகிறேன், வீட்டுக்குப் போனால் செல்விக்குச் சொல்லிச் சொல்லித் தேய்ந்துவிடும்.

செல்வி டப்பா கொடுத்துத்தான் அனுப்பியிருந்தாள். சந்தனம் முழுவதும் கு.யா. நெற்றிக்கு. பைக் பக்கம் நான் கையைக்கூடக் கொண்டுபோகவில்லை.

கம்பியைப் பிடித்து நின்றேன். ஸ்டிக்கரை மட்டும் பார்த்தேன். ஓரக்கண்ணில் விளக்கு: மஞ்சள், மஞ்சள், பச்சை. ஸ்டிக்கர் லேசாக மேலே எழும்பியது, தூங்குகிற பிள்ளையைத் தூக்குகிற மாதிரி. முன்சக்கரமாக இருக்கும். நான் ஸ்டிக்கரை விடவில்லை. நீலம் சின்னதாகிக்கொண்டே போகிறது, சத்தம் பின்னாலேயே ஓடுகிறது, அவள் முதுகு ஒரு விரல்கடை ஆகி, அரிசியாகி, கானலுக்குள் இறங்குகிறாள். நான் கண்ணை மூடுகிற அந்தக் கொஞ்சத்துக்குள் எவ்வளவு நேரம் இருக்கிறது. கண்ணீர் வடிந்தது, இமைக்காததால்தான்.

மறுபடியும் மூன்றாவது. பணம் கிடையாது. கம்பெனித் தம்பி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்னைக்கு சந்தனம் இல்லையா சார்?"

"எங்க லோடு வண்டிக்கு வச்சுட்டேங்க."

அப்போது சிரித்தார். மகா பெயரை எழுதிக்கொண்டார். இந்த வருஷம் பூராவும் டயர், கிளட்ச். முதல் டயர் அங்கேயே கொடுத்துவிட்டார்கள், பின்னால் கிடக்கிறது. வண்டி முழுக்கப் புது ரப்பர் வாசனை.

மகா ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே வந்தாள்.

"எப்புடிப்பா இருந்துச்சு?"

அருமை என்று வாய் வரைக்கும் வந்தது.

"கெளம்பையில ஒன் எடது முழங்கை வெளிய விரியுதுத்தா. அத ஒடம்போட ஒட்டி வைக்கணும்."

அப்படியே நின்றுவிட்டாள். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கண் சிவந்திருந்தது தெரிந்திருக்கும்.

"காதர் மாமா சொல்லிக் குடுத்தாரா?"

"இல்ல. பாத்தேன்."

ஹெல்மெட்டை என் கையில் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள்.

டீ வந்துவிட்டது. அவளை எழுப்ப மனமில்லை. தூக்கத்தில் இடது முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்திருக்கிறாள்.