கயலின் முதல் கேசட்

நீடாமங்கலம், 28-1-1999, வியாழன்

சென்னையில் என் மகள் கயல் பங்க் ராக் என்று கிட்டார் அலற, கத்திப் பாடும் ஒரு குழுவில் பாடுகிறாள். அவர்களுடைய முதல் கேசட்டை வெறும் இரைச்சல் என்று பத்திரிகையில் எழுதிவிட்டார்களாம். மாலையில் போன் செய்து, "பேசாம பாடறதை விட்டுடட்டுமாப்பா? நீங்க கேட்டீங்களா?" என்றாள்.

முன்னமே கேட்டிருந்தேன். அப்போது கூட இருந்த பக்கத்து வீட்டு ரஹீம் பாய், "சார், இதை வயல்ல போட்டா ஒரு குருவி அண்டாது" என்று சிரித்தார். எனக்கும் பாட்டு பிடிபடவில்லை. ஆனால் வகுப்பே சேர்ந்து வாய்ப்பாடு கத்தும்போது, எந்தப் பிள்ளைக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று கேட்டுப் பழகிய வாத்தியார் காது இது.

"மூணாவது பாட்டு பாடறப்போ உனக்குக் காய்ச்சலாம்மா?" என்றேன்.

"ஆமாப்பா. கூடப் பாடினவங்களுக்கே தெரியாது."

"அடுத்த கேசட்டுக்காவது உடம்பு சரியானப்புறம் போய்ப் பாடு."

மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். பாடுவாள் என்றுதான் நினைக்கிறேன்.