நல்ல நூல் சொல்லியே ஓர் ஆளைச் சிறைவைத்த கற்சுனையூர் ஏடகத்தார்க்கு

மழை பருவம் தப்பாது பொழிக. ஏரி கரை மீறாது நிறைக. ஏட்டில் பூச்சி புகாதிருக்க.

ஏழ்குன்ற நாடு முழுதும் உடைய, வெண்சங்கக் கொடி உயர்த்திய, மூவாயிரம் குதிரைச் சேவகர் வணங்கும் குவளைமாதேவியாகிய நாம், நெடுந்துறை அரண்மனையில் சித்திர மண்டபத்துச் சிங்க இருக்கையில் வீற்றிருந்து, கற்சுனையூர் ஏடகக் காவலர் வேண்மாடனார்க்கும், அவ்வேடகத்தில் அமர்ந்து சுவடி படிக்கும் வாசகர் நூற்று நாற்பதின்மர்க்கும் விடுக்கும் ஓலை. நும் சுனை வற்றாதிருக்கிறதா? நும் மாடு கன்றுகள் நலமா? நும் சுவடிகளுக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும் குறைவின்றிக் கிடைக்கின்றனவா? எல்லாம் நலமே என்று கேள்வியுற்று மகிழ்ந்தோம். மகிழ்ந்த அளவுக்குச் சினமும் கொண்டோம். அதன் காரணத்தைப் பொறுமையோடு கேட்பீராக.

நம் நில அளவையன் ஆதன் எழினி, சென்ற ஆண்டு ஆவணித் திங்களில் நும் ஊர்க்கு வந்தான். பேரேரியின் எல்லை குறித்து இரண்டு ஊரார்க்கு வழக்கு மூண்டதால், நும் ஏடகத்தில் உள்ள பழைய அளவோலையைப் படியெடுத்து வருமாறு நாமே அனுப்பினோம். மூன்று நாள் வேலை. மாற்றுடை ஒன்றே எடுத்துச் சென்றான். அவன் மனைவி கொற்றி அப்போது நிறைசூலி. மூன்றாம் நாள் அளவோலையின் படி உப்பு வண்டியில் நம் கைக்கு வந்து சேர்ந்தது. அவன் வந்து சேரவில்லை. இது ஐப்பசி, பதினான்கு திங்கள் ஆகிவிட்டன.

அவன் சிக்கிய விதம் நீவிர் அறியாததன்று. ஆயினும் அவன் பக்கம் நின்று ஒருமுறை பார்ப்பது நுமக்கு நல்லது. முதல் நாள் நும் வழக்கப்படியே அவனுக்கென்று சுவரில் ஒரு மரமுளை அறைந்து, பெயர் பொறித்து, அவனையும் வாசகனாக ஏற்றுக்கொண்டீர். அருகில் அமர்ந்திருந்த செக்குடைய வயிரனார், ஒரு கடலோடியின் கதையை எடுத்து நீட்டி, இதைப் படியாதவன் கண் இருந்தும் இல்லாதவன் என்றார். எழினி படித்தான். நன்றாகவே இருந்தது. நன்று என்று சொல்லி எழுந்திருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும். அவனோ தாட்சண்யத்தின் மேல் தாட்சண்யமாக, இதுபோல் வேறு ஏதேனும் உண்டோ என்று கேட்டுவிட்டான்.

கற்சுனையூரில் அக்கேள்வியைக் கேட்கலாமா? கேட்டவனுடைய முளையில் எவரும் நறுக்கோலை கட்டலாம் என்பது நும் வழக்கம் என்பதை அவன் எங்கே அறிவான்? மறுநாள் வந்து பார்த்தபோது பதினொரு நறுக்குகள் தொங்கின. ஒவ்வொன்றிலும் ஒரு நூலின் பெயர், அதைச் சொன்னவர் பெயர், அதை அவன் ஏன் படித்தே ஆகவேண்டும் என்பதற்கு இரண்டு வரி. முளையில் ஒரு நறுக்கு தொங்கும்வரை அவன் ஊர்வாயில் கடத்தல் ஆகாது என்று வாயிற்காவலர் ஈட்டியைக் குறுக்கே வைத்தார். நம் பாட்டனார் இட்ட ஆணையைக் காட்டியே தடுத்தாராம். இரவல் சுவடியோடு ஓடிப்போன கள்வரைப் பிடிக்க அவர் இட்ட ஆணை அது. எடுத்த சுவடியைத் திருப்பித் தராதவன் ஊரைக் கடக்கலாகாது என்றார் அவர். எடுக்கச் சொன்ன சுவடியைப் படிக்காதவனும் கடக்கலாகாது என்று காலப்போக்கில் நீட்டிக்கொண்டவர் நீவிர். பாட்டனார் இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

எழினி கெட்டிக்காரன், விரைவாகப் படித்து முடித்தால் தீர்ந்தது என்று எண்ணினான். விடியலில் சென்று, விளக்கு வைக்கும் வேளைவரை படித்து, பதினொன்றை இரண்டாகக் குறைத்தான். இவன் எத்துணை ஆர்வமான வாசகன் என்று ஊரே பூரித்துப்போய், மேலும் பத்தொன்பது கட்டியது.

பிறகு, மோசமான நூல் ஒன்றைப் பிறர்க்குச் சொன்னால் தன் சுவையின் மேல் மதிப்புப் போய்விடும், தன்னை விட்டுவிடுவார்கள் என்று கணித்தான். தான் படியெடுத்த அந்த மூல அளவோலையையே, இதைப்போல் இனிய நூல் இல்லை என்று வயிரனாரிடம் நீட்டினான். கோலும் சாணும் அன்றி வேறொன்றும் இல்லாத ஓலை. வயிரனார் அதில் தம் முப்பாட்டனார் நிலத்தின் நான்கெல்லையும் கண்டு, ஏடகம் கேட்க விம்மி அழுதார். அன்று முதல் எழினி சொன்ன நூல் தெய்வ வாக்கு ஆயிற்று. அவன் முளையின் பக்கத்தில் இரண்டாம் முளை அறைந்தீர்.

நிழற்கூத்தின் கதை இதனினும் கொடிது. ஏடகத்தின் பக்கத்து இருட்டறையில், சாளரங்களை அடைத்து, பட்டப்பகலில் நீவிர் ஆட்டும் தோற்பாவைக் கூத்துகளையும் நூலோடு நூலாகவே சொல்லுவீர் அல்லவா? மருத்துவிச்சி நாச்சியார் தமக்கு உயிரான ஒரு கூத்தைச் சொன்னார். ஒன்பது நாள் ஆடும் கூத்து; அதில் திருமண ஊர்வலம் மட்டும் மூன்று நாள். நாச்சியார் அவன் அருகிலேயே அமர்ந்தார். அவர் திரையைப் பார்க்கவில்லை, இவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உருக்கமான இடம் வருமுன் முழங்கையைத் தொட்டு, இனித்தான், இனித்தான் என்று எச்சரித்தார். சிரிக்கவேண்டிய இடத்தில் அவன் சிரிக்கிறானா என்று எட்டிப் பார்த்தார். பார்க்கும் கண்ணின் கீழ் ஒருவன் எப்படிச் சிரிப்பான்? ஒன்பது நாளும் அவன் கன்னம் வலித்ததுதான் மிச்சம்.

தப்ப ஒரு வழி உண்டு. அவை நடுவே எழுந்து நின்று, படித்ததைப் பிடிக்கவில்லை என்று ஒருமுறை வாய்விட்டுச் சொன்னவரின் முளையைப் பிடுங்கிவிடுவீர். அவர்க்கு ஒருவரும் எதையும் சொல்லார். அவர் விரும்பிய நாளில் ஊரைக் கடக்கலாம். பதினோராண்டுக்கு முன் ஒரு பள்ளியாசான் அப்படிச் சொன்னாராம். அவர் இன்றும் நும் ஊரிலேயே, தமக்கு வேண்டியதைத் தாமே தேடிப் படித்துக்கொண்டு, நும் எல்லோரினும் நிம்மதியாக இருக்கிறார் என்று கேள்வி.

எழினிக்கு அவ்வழி தெரியும். கூத்து முடிந்த ஒன்பதாம் நாள் அச்சொல்லை நாவின் நுனிவரை கொண்டுவந்தான். நாச்சியார் அவன் பக்கம் திரும்பி, கணவர் இறந்த ஆண்டில் இக்கூத்துத்தான் தமக்குச் சோறும் நீரும் ஆயிற்று என்றார். கண்கள் அதற்குள் கலங்கியிருந்தன. அச்சொல்லை விழுங்கிவிட்டு, யான் இதுபோல் கண்டதில்லை என்றான். அது பொய்யும் அன்று. நாச்சியார் அக்கூத்தின் தொடர்ச்சியை அன்றே கட்டினார்.

அவன் அமரும் இடத்திலிருந்து சாளரத்தின் வழியே ஊர்வாயில் தெரியும். உப்பு வண்டிகள் நெடுந்துறைச் சாலையில் இறங்கிப் போவதை நாள்தோறும் பார்க்கிறான். அடிப்பாரும் இல்லை, பூட்டுவாரும் இல்லை. பசித்தால் பத்து வீட்டில் இலை போடுகிறார்கள். இலையில் சோறு விழுமுன், எந்த இடம்வரை வந்தீர் என்று கேட்கிறார்கள். இத்துணை அன்பினின்று ஓடிப்போவது எப்படி என்று அவனுக்குத் தெரியவில்லை. மூச்சு முட்டுகிறது, முகம் மட்டும் மலர்ந்திருக்கிறது.

இவையெல்லாம் நமக்கு எப்படித் தெரியும் என்பீர். அவன் நமக்கு முறையிடவில்லை. அவன் எழுதிய ஓலைகள் எல்லாம், இங்கு யாவரும் நல்லவர், விரைவில் வருவேன் என்பவையே. உண்மையை அவன் மனைவிக்கு மட்டும் எழுதினான். சென்ற வாரம் கொற்றி, அவ்வோலைக் கட்டை ஒரு கையிலும் ஓராண்டு நிறைந்த பெண்மகவை இடுப்பிலுமாகக் கொண்டு நம் மண்டபத்துக்கு வந்தாள். வணங்கியெல்லாம் முடித்து நேரே சொன்னாள். தன் கணவர் காலில் விலங்கு இல்லை, வாயில் ஒரு சொல் இல்லாமல்தான் கிடக்கிறார் என்றாள். தங்கள் குலத்தில் தந்தையே குழந்தையின் காதில் பெயரை முதலில் சொல்லவேண்டும் என்பதால், நடக்கத் தொடங்கிவிட்ட மகளை இன்னும் ஏய், இங்கே வா என்றுதான் அழைக்கிறார்கள் என்றாள். எதிர்வீட்டுத் தச்சரை அது அப்பா என்கிறது என்றாள். அதைச் சொல்லும்போது மட்டும் மகளை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

கற்சுனையூரார் மேல் நாம் சினந்து எழுந்தபோது, அவள் நம்மை அமரச் சொல்லாத குறையாக, இன்னும் ஒன்று உண்டு என்றாள். அரசியாரும் ஒரு நறுக்குக் கட்டியிருக்கிறீர்கள் என்றாள்.

உண்மைதான். சென்ற வைகாசி விழாவுக்கு நாம் நும் ஊர் வந்தபோது, இப்படி ஒரு பெருவாசகன் இருக்கிறான் என்று நீவிர் மெச்சிக்கொள்ள, நாமும் மகிழ்ந்து, முளையில் பொறித்த பெயரையும் நோக்காது, நம் தந்தையார் பாடிய வேழப் பெருந்தொகையைப் பொன்னூல் கோத்து அவன் முளையில் கட்டினோம். அரச நறுக்கு இருக்க வேறொன்றைத் தொடலாகாது என்பது நும் முறையாம். ஐந்து திங்களாக அவன் அதிலேயே கிடக்கிறான். நூற்றெட்டு யானைகள், ஒவ்வொன்றுக்கும் கொம்பு, செவி, வால், நடை என்று தனித்தனியே பாட்டு. எண்பத்திரண்டாம் யானைவரை வந்து, எண்பத்தொன்று எது என்பது மறந்து, மீண்டும் முதல் யானைக்குப் போகிறானாம்.

நும் மேல் கொண்ட சினம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. வெட்கம்தான் இருந்தது. கேளீர், ஏடகத்தாரே. நமக்குப் பத்தொன்பது வயதில் நம் தந்தையார் அந்நூலை நம்மை எதிரில் இருத்தி, நான்கு நாள் பாடிக்காட்டினார். அப்போது அதில் அறுபது யானைகளே இருந்தன. பாடி முடித்து, எப்படி என்று கேட்டார். நாடு முழுதும் நடுங்கும் மன்னர், நம் வாயையே பார்த்து நின்றார். அமுதம் என்றோம். அவர் மகிழ்ந்து, மேலும் நாற்பத்தெட்டு யானைகளைச் சேர்த்தார். அந்த நாற்பத்தெட்டுக்கும் நாமே பொறுப்பு.

அவர் மறைந்தபின் அதை எத்தனை பேர்க்குச் சொல்லியிருப்போம்! தூதுவர்க்குச் சொன்னோம், புலவர்க்குச் சொன்னோம், மணமுடித்து வந்த மருமக்களுக்குச் சொன்னோம். அந்நூலைத் தனியே சுமக்க முடியவில்லை. அதனால்தான் எதிர்ப்பட்டவர் தலையில் எல்லாம் ஏற்றினோம். அவர்கள் எல்லோரும் அமுதம் என்றார்கள். சொன்ன முகங்களை இப்போது நினைத்துப் பார்க்கிறோம்.

ஆகவே நம் ஆணை. இவ்வோலை கண்ட நாளிலேயே வாசகர் நூற்று நாற்பதின்மரையும் கூட்டி, வேண்மாடனார் இதை முதலிலிருந்து உரக்கப் படிக்க. படித்து முடிந்ததும் ஆதன் எழினி எழுந்து நின்று, வேழப் பெருந்தொகை தனக்குப் பிடிக்கவில்லை என்று அவை கேட்கச் சொல்லுக. அவன் தயங்குவான், தயங்காதிருக்க நாமே முன்னே சொல்கிறோம். எம் தந்தையார்மேல் எமக்கு உயிர். அவர் பாடிய நூல் எமக்குப் பிடிக்கவில்லை. இதை இருபத்தாறு ஆண்டுகளில் இப்போதுதான் சொல்கிறோம். சொன்ன பின்னும் அவர்மேல் உயிராகவே இருக்கிறோம். அவனுடைய இரண்டு முளைகளையும் பிடுங்குக. விழாவில் நமக்கென்று நீவிர் அறைந்த முளையையும் பிடுங்குக. இனி நறுக்குக் கட்டலாம். ஆனால் அதைக் காட்டி ஒருவரையும் ஊர்வாயிலில் தடுக்கலாகாது. வழியில் படிக்க என்று எவரும் அவன் மடியில் சுவடி செருகலாகாது. வயிரனாரே, நுமக்கும் சேர்த்துத்தான். நாச்சியார் மனம் நோகவேண்டா. நும் கூத்து நும்மைக் காத்த கூத்து. இன்னொருவர் முகம் அதற்குச் சான்று சொல்லவேண்டியதில்லை.

இத்துணைக்குப் பின்னும் அவன் வாய் திறவாது, தாட்சண்யத்தால் புன்னகைத்து நிற்பானாகில், சாளரத்தின் வழியே ஊர்வாயிலைப் பார்க்கச் சொல்லுக. இவ்வோலையைக் கொண்டுவந்தவள் கொற்றியே. வாயிலுக்கு வெளியே மகளோடு நிற்கிறாள். உள்ளே வந்தால் அவளுக்கும் ஒரு முளை அறைந்துவிடுவீர் என்று அஞ்சி, அடியெடுத்து வைக்க மறுக்கிறாள். அந்தப் பிள்ளை இன்னும் பெயரில்லாமல் நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டு, அவன் சொல்லட்டும்.

ஊர் வாழ்க. ஓலை வாழ்க. சொல்லவேண்டியதைச் சொல்லும் வாய் வாழ்க. வெண்சங்க முத்திரை இட்டோம்.

இவ்வோலை அரசியார் திருவாய் மொழிந்தபடி எழுதினேன், அரண்மனை ஓலைநாயகம் மூவன் கண்டீரன். வேழப் பெருந்தொகையை மூன்று முறை படியெடுத்தவன். எனக்கும் பிடிக்கவில்லை.