தெளிந்தும் போகாத அமிலம்

8 ஜனவரி 1985, செவ்வாய்

காலையில் பனி. மெட்டுச் சாலைப் பக்கம் மலையே தெரியவில்லை. திருத்த வேண்டிய பிராக்டிகல் நோட்டு இருபது பாக்கி.

மலையடி ஊர் குரங்கணியிலிருந்து மாரியாயி வந்தாள். அண்ணன் தோட்டத்தில் காப்பிப் பழம் பறிக்கிறவள். முந்தானைக்குள் ஒரு பாட்டில் ஓடைத் தண்ணீர். பழுப்பு நிறம், புளித்த வாடை.

"டீச்சரம்மா, மாடு மோந்து பாத்துட்டுத் திரும்பிருது. நாங்க இதத்தான் குடிக்கிறோம். குடிக்கலாமா?"

அண்ணனுடைய பல்ப்பர், பழத்தோல் உரிக்கிற மிஷின், அதைக் கழுவும் தண்ணீர்தான். சக்கை புளித்து அமிலமாகி ஓடையில் இறங்குகிறது. அவளுக்கும் தெரியும். அண்ணன் பேரைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை; சோதித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

சாயங்காலம் அண்ணனிடம் சொன்னேன். அவர்: "வருசா வருசம் போற தண்ணிதானே. நீ கெமிஸ்ட்ரி படிச்சவ, எதையாச்சும் ஊத்தி வெரசா சரி பண்ணு."

என்னைப் படிக்க வைத்தது இந்தக் காப்பிதான். இருப்பதும் அவர் வீட்டில்.

10, வியாழன்

லேப். ஓடைத் தண்ணீரில் அன்னபேதி ஒரு சிட்டிகை, ஹைட்ரஜன் பெராக்சைடு சொட்டுச் சொட்டாக. அன்னபேதியில் உள்ள இரும்பு பெராக்சைடை உடைக்கும். ஹைட்ராக்சில் என்ற துண்டு பிறக்கும். கண்ணிமைக்கும் நேரம்கூட இராது. அதற்குள் பக்கத்தில் எது இருந்தாலும் ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கிவிடும். பறிகொடுத்தது நிலைகுலைந்து உடையும்.

நுரை. பாட்டில் சுட்டது. மூன்று மணிக்கு நிறம் வெளுத்தது. சுண்ணாம்பு போட்டதும் இரும்பு அடியில் படிந்து, மேலே கண்ணாடி மாதிரி. பெராக்சைடு பட்டு விரல் நுனி வெள்ளையாகி எரிச்சல். பரவாயில்லை.

11, வெள்ளி

அதே மருந்தை ஒவ்வொரு அமிலத்திலும் தனித்தனியாக ஊற்றிப் பார்த்தேன்.

ஃபார்மிக் அமிலம், எறும்புக் கடியில் இருப்பது: ஏறக்குறைய முழுதும் போச்சு. மிஞ்சியது கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும்.
அசிட்டிக், அதாவது வினிகரில் இருப்பது: பெரும்பாலும் அப்படியே. ஹைட்ராக்சிலுக்கு லேசில் பிடிகொடுப்பதில்லை.
ஓடைத் தண்ணீர்: சர்க்கரை உடைந்து புதுசு புதுசாகச் சின்ன அமிலங்கள். அசிட்டிக் குறையவே இல்லை. நிறம் மட்டும் போயிருக்கிறது. இன்னும் என்னென்ன கிடக்கிறதோ, எனக்கே தெரியாது.

அண்ணன் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "சுனைத் தண்ணி கணக்கா இருக்கு."

"குடிக்கக் கூடாதுண்ணே."

"நாளைக்குக் குரங்கணில தண்ணி விசயமாக் கூப்டிருக்காக. பாட்டிலக் காட்டு, மருந்து இருக்குன்னு மட்டும் சொல்லு. பொய் இல்லையே."

பொய் இல்லைதான்.

12, சனி

ஜீப்பில் அண்ணனும் நானும்.

குரங்கணி மந்தையில், ஊர் கூடும் பொட்டலில், முப்பது பேர் இருக்கும். பாட்டில் கை மாறி மாறிப் போனது. ஒரு பெரியவர், "இனிமே குடிக்கலாம்ல?"

அண்ணன் என்னைப் பார்த்தார்.

"குடிக்கக் கூடாதுங்க. நெறந்தான் போயிருக்கு, அமிலம் போகல. இந்த மருந்து பாட்டிலுக்குத்தான் ஆகும், ஓடைக்கு ஆகாது. பல்ப்பர் தண்ணி ஓடைக்கு வர்றத நிறுத்தணும்."

அண்ணன் ஜீப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பஸ்சில் திரும்பினேன்.

14, திங்கள். பொங்கல்.

அண்ணன் எனக்கு முன்னாலேயே சாப்பிட்டு எழுந்துவிட்டார். மதினி: "அத்தன பேரு முன்னாடியா சொல்லணும்? வீட்டுல வச்சுச் சொல்லிருக்கலாம்ல."

"சொன்னேன் மதினி."

19, சனி

நல்ல வெயில். அண்ணனுடைய டிரைவர் சொன்னார், தோட்டத்துக்குள் மூன்று குழி வெட்டியாச்சாம். நேற்றிலிருந்து பல்ப்பர் தண்ணீர் குழிக்குத்தான் போகிறதாம். கூடவே இன்னொன்று: மாரியாயியை வேலைக்கு வர வேண்டாம் என்றிருக்கிறார் அண்ணன்.

அடுத்த பஸ்சுக்குக் குரங்கணி போனேன். அண்ணன் பல்ப்பர் ஷெட்டில் நின்றார்.

"அண்ணே, அவ தண்ணியப் பத்தித்தான் கேட்டா. உங்களப் பத்தி ஒரு வார்த்த சொல்லல."

ஒரு வாரத்துக்குப் பிறகு இப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். "நீ சொன்னியே."

"ஆமா, சொன்னேன். யாரையாச்சும் நிறுத்துறதுன்னா என்னத்தான் நிறுத்தணும்."

மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கூடைப் பழத்தை அதில் கொட்டிவிட்டு, "அவளத் திங்கக்கெழம வரச் சொல்லு."

சொல்ல ஓடைக்கு இறங்கினேன். மாரியாயி மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் குடத்தில் மொண்டுகொண்டிருந்தாள். திங்கள்கிழமை வேலைக்கு வரலாம் என்றேன். தலையசைத்தாள்.

"ஓட தெளியிறதுக்கு எம்புட்டு நாளாகும் டீச்சரம்மா?"

தெரியாது என்றேன். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து எனக்கும் இடம் விட்டாள்.