அத்தையின் உபவாசமும் காலை மாத்திரையும்

அன்பு மகள் திரிஷாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். கொல்கத்தா கேன்சர் ஆஸ்பத்திரியில் டிரெயினிங்கில் இருக்கும் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கி சுகமாக இருக்க வேண்டும். தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடுதாசி எதற்கு என்று சிரிக்காதே. நடுவில் ஒற்றைச் சுவர்தான், நான் பேசினால் அந்தப் பக்கம் உன் ஜெயம்மாள் அத்தைக்குக் கேட்டுவிடும். உன்னிடம் சொல்லக் கூடாது என்று அவள் சொன்ன விஷயம் ஒன்று இருக்கிறது, சொல்லாமல் இருக்க என்னால் ஆகாது, என் வாய் உனக்குத் தெரியுமே. அதனால்தான் பருப்புப்பொடி பார்சலுக்குள் இதை வைத்தேன்.

அப்பா நன்றாக இருக்கிறார். பங்குனித் திருவிழாவுக்காக வீதியெல்லாம் அடைத்துவிட்டார்கள், ஆட்டோவை ஊரைச் சுற்றி ஓட்டிக்கொண்டு போய் வந்து என்னிடம் எரிந்து விழுகிறார். உனக்குக் கடுகெண்ணெய்ச் சமையல் இன்னும் பிடிக்கவில்லை என்றாயே, சோறும் பொடியும் நல்லெண்ணெயும் இருந்தால் போதும், பட்டினி மட்டும் கிடக்காதே. இந்த வீட்டில் பட்டினியால் பட்ட பாடு போதும்.

அத்தை உன்னோடு பேசாமல் இருப்பது உனக்கு எவ்வளவு வலிக்கிறது என்று எனக்குத் தெரியும். நீ போனில் பார்த்தது பாதிதான். குடல் ஆபரேஷனுக்கு அப்புறம் அந்தக் கேன்சர் மாத்திரையை ஆரம்பித்தாளே, கொஞ்ச நாளில் உள்ளங்கை சிவந்து தோல் உரிந்தது. தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றும்போது பட்டு இழை அவள் விரலில் மாட்டி மாட்டி அறுந்தது. துணி சோப்புதான் காரணம் என்று நான் சோப்பை மாற்றினேன், தேங்காய் எண்ணெய் தடவினேன். வாய்ப்புண்ணுக்கும் வயிற்றுப்போக்குக்கும் வெயில் சூடு என்று மோர் கரைத்து வைத்தேன். எனக்கு வேறு என்ன தெரியும்? நீதான் வீடியோ காலில் அவள் கையைப் பார்த்துவிட்டு, மாத்திரை போட்டாயா என்று கேட்காமல், எப்படிப் போடுற, காட்டு அத்தை என்று கேட்டாய். காலை மாத்திரையையும் சாயங்கால மாத்திரையையும் சேர்த்து ராத்திரி ஒரே வாயில் போடுகிறேன் என்று அவள் காட்டினாள். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் பொழுது சாயும்வரை உபவாசமாம். உபவாசம் வெளியே தெரியக் கூடாது என்று எங்களிடமும் மூச்சு விடவில்லை. காலையில் நான் கொடுத்தனுப்பிய இட்லியெல்லாம் தெரு நாய்க்குப் போயிருக்கிறது. அந்த நாய் ஏன் என் பின்னாலேயே சுற்றியது என்று அப்புறம்தான் புரிந்தது.

நீ சொன்னபடி மாத்திரையை நிறுத்தி உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். பெட்டில் சேர்த்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். இரண்டு வேளை மருந்தும் ஒன்றாக இறங்கியதுதான் காரணம், இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொன்னார். அவளுக்கோ அந்தப் பயமே இல்லை. கர்த்தர்கிட்ட வேண்டிக்கினு ரகசியமா வச்ச பொருத்தனைய இந்தப் பொண்ணு ஆஸ்பத்திரி வரைக்கும் சொல்லிட்டாளே என்று அன்றைக்கு மூஞ்சியைத் தூக்கி வைத்தவள்தான். நீயும் என்னிடம், வார்டுல எல்லார்கிட்டயும் இப்படித்தான்மா கேக்கறேன், எங்க அத்தைகிட்ட கேட்டதுதான் தப்பாயிடுச்சு என்று அழுதாய்.

போன வாரம் புண் ஆறி, அளவு குறைத்து மறுபடி மாத்திரை கொடுத்தார்கள். காலையும் சாயங்காலமும் தனித்தனியாக, சாப்பிட்ட கையோடு போட வேண்டும் என்றார்கள். இவள் காலையில் பச்சைத் தண்ணீர்கூடத் தொட மாட்டேன் என்றாள். சாப்பிடாததால் காலை மாத்திரை அப்படியே கிடந்தது. சபைப் போதகர் ஐயர் வந்து, நோயாளிக்கு உபவாசம் கடமை இல்லை என்றார், அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டாள். நேற்று எனக்குப் பொறுக்கவில்லை. உயிரைவிட அப்படி என்னடி பொருத்தனை என்று கத்திவிட்டேன். அப்போதுதான் அழுதுகொண்டே சொன்னாள். என் உடம்புக்கு இல்ல அண்ணி, பாப்பா அவ்ளோ தூரத்துல தனியா கேன்சர்காரங்க நடுவுல நின்னுக்கினு இருக்குது, அது கையால யாருக்கும் ஒரு தப்பும் நடக்காம டிரெயினிங் முடிக்கணும்னு வேண்டிக்கினேன், பாதியில விட்டா அதுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயம் என்றாள்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது கண்ணு. அடிப் பைத்தியமே, உன் ஜெபத்தைக் கர்த்தர் கேட்டுட்டாரு, நடந்துக்கினு இருந்த தப்பே உன்னோடதுதான், அதத்தான் அவ கண்டுபிடிச்சா என்றேன். எழுந்து தன் வீட்டுக்குப் போய்விட்டாள். இன்று காலை நான் அடுப்படியில் இருக்கும்போது ஒரு கையில் தட்டும் ஒரு கையில் மாத்திரையுமாக வந்து நின்று, ரெண்டு இட்லி வைங்க அண்ணி, பாப்பாகிட்ட மட்டும் சொல்லாதீங்க என்றாள். மூன்றாக வைத்தேன், மூன்றையும் சாப்பிட்டுவிட்டு மாத்திரையைப் போட்டாள்.

கர்த்தர் உன்னையும் உன் கையையும் ஆசீர்வதிப்பாராக. வார்டில் நிற்கும்போது தண்ணீர் குடி, முடியை இறுக்கிக் கட்டிக்கொள். முக்கியமாக ஒன்று. குருத்தோலை ஞாயிறு அன்று நாங்கள் கோயிலுக்குக் கிளம்பும் முன்னால், இட்லி நேரத்துக்கு, அத்தைக்கே போன் பண்ணு. எதுவும் தெரியாதவள் போல, எப்படிப் போடுற, காட்டு அத்தை என்று கேள். சொல்லாதீங்க என்றாளே தவிர, உன்னிடம் தானே காட்டத்தான் இன்றைய தட்டைக்கூடக் கழுவாமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
கலையரசி டேனியல்