அத்தையின் சங்கிலியும் என் தாடையும்

செப்டம்பர் 3, புதன்

நான் வேலை செய்யும் பிரிக்பீல்ட்ஸ் புடவைக் கடையில் இன்று போனில் லைவ் விற்பனை. தீபாவளிப் புடவைகள். தொண்டை வறளப் பேசினேன். நடுவில் யாரோ ஒரு புண்ணியவதி எழுதினாள்: "அக்கா, சேலை ஒண்ணு, தாடை ரெண்டு." கூடவே சிரிப்புப் பொம்மைகள். நானும் சிரித்து வைத்தேன். கொமுட்டர் ரயிலில் கிள்ளான் வந்து சேரும்வரை அந்த வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டினேன். புடவை கண்ணிலேயே படவில்லை. தாடை, தாடை, தாடை.

செப்டம்பர் 6, சனி

ஊசி போட்டுக்கொண்டேன். செந்தூலில் ஒரு கொண்டோ வீட்டில். போன தீபாவளிக்கு எனக்குப் புருவம் திருத்திய அக்காதான், இப்போது கொழுப்பைக் கரைக்கும் ஊசியும் போடுகிறார். பாட்டிலில் ஏதோ கொரிய எழுத்து. என்ன மருந்து என்று கேட்கவில்லை. "எறும்பு கடிக்கிற மாதிரிதான்லா" என்றார். எறும்பா அது! தாடைக்கு அடியில் நெருப்பு.

இதில் என் வாய்க்கொழுப்பு வேறு. நேற்றே கடை வாடிக்கையாளர்களின் வாட்சாப் குழுவில் பெருமையாக அறிவித்து, அந்த அக்காவின் நம்பரையும் போட்டுவிட்டேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

காலையில் கண்ணாடியில் ஒரு தவளை. காதுவரை வீக்கம். அடுப்படியில் அத்தை பார்த்துவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், "ஐயோ, பொன்னுக்கு வீங்கி!" என்று தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி எனக்குப் போட்டார். தங்கம் பட்டால் அந்த வீக்கம் வடியுமாம். கண் ஆபரேஷனுக்கே நர்ஸோடு சண்டை போட்டுத்தான் கழற்றிய சங்கிலி அது.

என் கணவர் சிவநேசனுக்கும் அவர் அம்மாவின் உத்தரவு: "நீ கூடத்துல படுடா. ஆம்பளைக்கு ஒட்டிச்சின்னா வீக்கம் கீழ இறங்கிடும்." சிவா தலையணையோடு ஓடினார்.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். தலையை ஆட்டினேன். ஆட்டவும் வலித்தது.

செப்டம்பர் 9, செவ்வாய்

தண்ணீர்கூட முள்ளாக இறங்குகிறது. செந்தூல் அக்காவின் பதில்: "நார்மல்லா, ஐஸ் வைங்க."

செப்டம்பர் 14, ஞாயிறு

வீக்கம் பாதி வடிந்துவிட்டது. அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை: "பாத்தியா, பொன்னு பொன்னுதான்." எனக்கோ தாடை மரத்துக் கிடக்கிறது, உள்ளே கட்டி கட்டியாக. தொட்டால் யாருடையதோ போல் இருக்கிறது.

சாப்பிடும்போது சிவா கேட்டார்: "ஏன் ஒரு பக்கமா சிரிக்கிற? கிண்டலா?"

கண்ணாடிக்கு ஓடினேன். கீழுதட்டின் இடது பக்கம் அசையவில்லை. மறுபடியும் சிரித்தேன். மறுபடியும் — ஐயோ, என்ன பண்ணிக்கிட்டேன் நான்? யாரு கேட்டா இதை? இந்த மூஞ்சியை வச்சுத்தானே பொழைக்கிறேன்!

செந்தூல்காரிக்குப் போட்ட செய்தி போய்ச் சேரவே இல்லை. பிளாக் பண்ணிவிட்டாள்.

செப்டம்பர் 17, புதன்

கிளினிக். டாக்டர் சின்னப் பெண். "நரம்புக்குப் பக்கத்துல குத்தியிருக்காங்க அக்கா. பெரும்பாலும் திரும்பி வந்துடும். எப்போன்னு சொல்ல முடியாது. என்ன மருந்து போட்டாங்க?"

தெரியாது என்றேன். கத்தரிக்காயையே காம்பைத் திருப்பிப் பார்த்து வாங்குகிறவள் நான்.

வீட்டில் சொன்னேனா? இல்லை. கழுத்தில் அத்தையின் சங்கிலியோடு எப்படிச் சொல்வது?

செப்டம்பர் 19, வெள்ளி

 தூங்குவதற்கு முன் எழுதிவிடுகிறேன்.

கடையில் என்னோடு வேலை செய்யும் ஷாமினி போனை நீட்டினாள். தெலுக் பங்லிமா காராங் ஊரில் ஃபேக்டரிக்குப் போகும் ஒரு பெண் குழுவில் எழுதியிருந்தாள்: "நாளைக்கு செந்தூல் போறேன் அக்கா. அண்ணன் கல்யாணம் வருது. உங்கள நம்பித்தான்."

கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அவளைப் போல இன்னும் எத்தனை பேர்? அந்த நம்பர் யார் யாரிடம் போயிருக்கிறதோ.

பாஸ் சொன்னார், "மாஸ்க் போட்டுக்கிட்டு லைவ் பண்ணுலா. சீசன் டைம்." போட்டுக்கொண்டுதான் ஆரம்பித்தேன். மூன்றாவது புடவையில் முடியவில்லை. மாஸ்க்கைக் கழற்றினேன். "சிரிக்கிறேன், பாருங்க. அந்த ஊசியால வந்தது இது. நான் கொடுத்த நம்பர அழிச்சிடுங்க. தயவுசெஞ்சு யாரும் போகாதீங்க."

பறந்துகொண்டிருந்த இதயப் பொம்மைகள் நின்றுவிட்டன. பிறகு ஒரு வரி வந்தது: "அக்கா, நான் போகல." அந்த ஃபேக்டரிப் பெண்தான். பாஸ் லைட்டை அணைத்துவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தால், அத்தை கையில் சிவாவின் பழைய போன். அதில் நான் பேசிக்கொண்டிருக்கிறேன். என் லைவ் ஒன்றைக்கூட அவர் விட்டதில்லையாம், எனக்குத்தான் தெரியாது. வெட்கம் பிடுங்கித் தின்றது. சங்கிலியைக் கழற்றப் போனேன்.

"கைய எடு. சரியாகட்டும்."

 அத்தை போய், கூடத்தில் படுத்திருந்த சிவாவை எழுப்பி, "போய் உள்ள படு" என்றார்.

அக்டோபர் 2, வியாழன்

அதே உதடு. அதே கண்ணாடி. இனி பார்க்கமாட்டேன்.

அக்டோபர் 3, வெள்ளி

பார்த்தேன்.

அக்டோபர் 18, சனி

தீபாவளிக்குக் கடைசி லைவ். பச்சைப் புடவைக்கு அடிதடி. முகத்தைப் பற்றி நினைக்க நேரமில்லை.

வீடெல்லாம் முறுக்கு வாசனை. நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அதற்குள் அத்தை எண்ணெய்க் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தார். என் பின்கழுத்தில் கைவிட்டுச் சங்கிலியைக் கழற்றித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"என்ன அத்தை?"

"அந்தப் பச்சைச் சேலையக் காட்டறப்ப ரெண்டு பக்கமும் சிரிச்ச," என்று சொல்லிவிட்டு, முறுக்கைத் திருப்பப் போனார்.