கன்றுகளை வெளியே வைக்கிற நாள்

சில்க்போர்க்
டென்மார்க்
2024 ஏப்ரல் 2

மலருக்கு,

நான் நலம். உன் நலத்தை உன் மகனிடம் கேட்டுத்தான் அறிய வேண்டியிருக்கிறது. நான் போன் எடுத்தால் நீ தூக்குவதில்லை. "கதைச்சால் ஏசுவார், எழுதச் சொல்லு, எழுதேக்கையாவது யோசிப்பார்" என்று துஷாந்தனிடம் சொல்லிவிட்டாயாம். கட்டின புருஷனை எழுபது வயதில் பேனை பிடிக்க வைத்த பெருமை உன்னையே சேரட்டும்.

மகன் வீட்டில் இரண்டு கிழமை நின்றுவிட்டு வருகிறேன் என்று மாசியில் போனாய். பங்குனியும் முடியப்போகிறது. உன்னுடைய மிளகாயும் கத்தரியும் தக்காளியும் வரவேற்பறை யன்னலை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. யோகட் பேணி, ஐஸ்கிரீம் பெட்டி, பால் மட்டை என்று குப்பைக்குப் போகவேண்டிய சாமான் எல்லாம் வரிசையில் இருக்கிறது. வெளியே என்ன மாதிரி வெயில் எறிக்கிறது! இவற்றைத் தோட்டத்தில் நட்டுவிட்டு நான் நிம்மதியாக டிவி பார்க்கப் போகிறேன்.

சிவானந்தன்

*

டோஸ்ட்ருப்
ஏப்ரல் 7

துஷாந்தனின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்கால் நோவுக்கு மாத்திரை எடுக்கிறீர்களா? மூன்று நேரமும் பாணையும் பட்டரையும் தின்று வயிற்றைக் கெடுக்காதீர்கள்.

கன்றுகளை இப்போது வெளியே வைக்க வேண்டாம். ஏப்ரல் வெயில் பார்வைக்குத்தான். இரவில் உறையும். அவை வீட்டுச் சூட்டில் வளர்ந்தவை. மே மாத நடுவில், பகலில் கொஞ்ச நேரம் காற்றுப் படாத நிழலில் வைத்து, பின்னேரம் உள்ளே எடுக்க வேண்டும். நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டிப் பழக்க வேண்டும். இரவுக் குளிர் விட்ட பிறகுதான் நிலத்தில் நடலாம். நீங்கள் தண்ணீரை மட்டும் விடுங்கள். நடுகிற நேரத்துக்கு நான் வந்துவிடுவேன்.

ஏன் போனேன் என்று நீங்கள் கேட்கவில்லை. நானே எழுதுகிறேன். உங்கள் கூட்டாளி டானியல் வீட்டுக் கலியாணத்தில் ஒரு மேசை நிறைய ஆட்களுக்கு முன்னால் என் டேனிஷைப் பழிப்புக் காட்டிச் சிரித்தீர்கள். அந்த டேனிஷை வைத்துத்தான் இருபது வருடம் வயோதிபர் இல்லத்தில் வேலை செய்தேன். வீட்டுக்கு வரத்தான் எனக்கும் விருப்பம். அந்தச் சிரிப்பைக் கேட்கத்தான் விருப்பமில்லை.

தங்கமலர்

*

சில்க்போர்க்
ஏப்ரல் 15

மலருக்கு,

ஒரு பகிடி விட்டால் விளங்காதா உனக்கு? அந்த மேசையில் எல்லோரும்தான் சிரித்தார்கள். நீ மட்டும்தான் மூஞ்சியை நீட்டினாய்.

உன் விரிவுரையும் வாசித்தேன். காலையில் வெளியே, பின்னேரம் உள்ளே என்று தூக்கிக்கொண்டு திரிய இதென்ன மிளகாய்க் கன்றா, சீமாட்டி வளர்க்கிற நாய்க்குட்டியா? நேற்று வருடப்பிறப்பு. கோயிலில் தந்த பஞ்சாங்கத்தில் நல்ல நேரம் பார்த்து, தோய்ந்து, பொங்கிப் படைத்துவிட்டு, அத்தனையையும் நிலத்தில் நட்டுவிட்டேன். யன்னல் இப்போதுதான் யன்னலாக இருக்கிறது. என் அப்பு புகையிலையும் மிளகாயும் வைத்தே ஐந்து பிள்ளைகளை வளர்த்தவர். டேனிஷ்காரிகளோடு கோப்பி குடித்துப் படித்த தோட்ட வேலையை எனக்குப் படிப்பிக்க வேண்டாம்.

சிவானந்தன்

*

டோஸ்ட்ருப்
ஏப்ரல் 18

துஷாந்தனின் அப்பாவுக்கு,

நீங்கள் பஞ்சாங்கம் பார்த்தீர்கள். ரேடியோவில் காலநிலை கேட்டீர்களா? உங்கள் அப்பு மிளகாய் வைத்தது யாழ்ப்பாணத்தில். அங்கே எந்த இரவில் நிலம் உறைந்தது?

தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்கிறவரோடு வாதாடிப் பயனில்லை. ஆனாலும் கெஞ்சிக் கேட்கிறேன். இந்தக் கிழமை கடும் குளிராம். கடிதம் கண்டவுடன் கன்றுகளைக் கிண்டி உள்ளே எடுங்கள். ஏலாவிட்டால் பழைய கட்டில் விரிப்பாலாவது மூடுங்கள். மே பதினெட்டு சனிக்கிழமைக்கு ரயில் சீட்டு எடுத்துவிட்டேன். வந்து பார்க்கும்போது ஏதாவது உயிரோடு நிற்கட்டும்.

தங்கமலர்

*

சில்க்போர்க்
ஏப்ரல் 28

மலருக்கு,

நீ வெருட்டின பனி வந்தது, போனது. கன்றுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. முந்தியைவிடத் தடிப்பாக, பச்சைப் பசேலென்று நிற்கின்றன. தக்காளியில் பூவும் பிடித்துவிட்டது. விரிப்பும் போடவில்லை, ஒரு மண்ணாங்கட்டியும் போடவில்லை. இப்போது சொல், ஆருக்குத் தோட்டம் தெரியும்? பதினெட்டாம் திகதி வந்து வாயைப் பிளந்துகொண்டு பார்.

சிவானந்தன்

*

டோஸ்ட்ருப்
மே 5

துஷாந்தனின் அப்பாவுக்கு,

பக்கத்து வீட்டு இங்கர் நேற்றுப் போன் எடுத்தா. கன்றெல்லாம் ஒரே இரவில் கறுத்துச் செத்துவிட்டதாம். நீங்கள் அவவின் காரில் தோட்டக் கடைக்குப் போய், பின் சீட் நிறையப் புதுக் கன்று வாங்கி வந்தீர்களாம். "பாவம் உன் மனிசன், நல்லாக் கவலைப்பட்டார்" என்றா. முழுக்க டேனிஷில்தான் கதைத்தோம். எல்லாம் எனக்கு விளங்கியது.

விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிற ஆள் நீங்கள். கன்று செத்ததற்கு நான் அழவில்லை. விதை இன்னும் கிடக்கிறது. ஆனால் பொய்யையும் எழுதி, அந்தப் பொய்யின் மேல் ஏறி நின்று என்னைப் பார்த்துச் சிரித்தீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. கலியாணம் கட்டின நாள் முதல் இப்படித்தான். உங்கள் பிழைக்கும் நான்தான் பகிடி.

சீட்டு என் கைப்பையில் இருக்கிறது. எனக்கு ஒரு வரி போதும்: "மலர், நான் பிழை விட்டிட்டன்." அதை எழுதினால் சனிக்கிழமை வந்து இறங்குவேன். எழுதாவிட்டால் வரமாட்டேன். என்னிடமிருந்து இனிக் கடிதமும் வராது.

தங்கமலர்

*

சில்க்போர்க்
மே 11

மலருக்கு,

இங்கர் ஒரு வாயாடி. அவளுடைய கதையைக் கேட்டு நீ ஆடுகிறாய். நான் கவலைப்பட்டேனாம்! எனக்கு என்ன கவலை?

உலகத்தில் பிழை விடாதவன் ஆர்? பனி பெய்ததற்கு நானா பொறுப்பு? கன்றுகளைச் செல்லம் கொடுத்துத் தெம்பில்லாமல் வளர்த்தது நீ. அதற்கு நான் உன்னை ஒரு வரி எழுதச் சொல்லிக் கேட்டேனா? இந்தக் கடிதத்தை நாலைந்து தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். அதைப் பெரிதாக எடுத்துத் தலையில் வைத்து ஆடாதே. ஒரு ஆம்பிளையை அப்படி எழுத வைத்து நீ என்னத்தைக் காணப்போகிறாய்?

சனிக்கிழமை ஸ்டேசனுக்கு வருவேன். உன் பெட்டியை நீ தூக்கின மாதிரித்தான், நான்தான் தூக்க வேண்டும்.

சிவானந்தன்

*

சில்க்போர்க்
மே 20

மலருக்கு,

சனிக்கிழமை உன்னுடைய ரயில் வந்தது. அடுத்ததையும் பார்த்தேன். அதற்கு அடுத்ததையும் பார்த்தேன். பிறகு பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கடையில் வாங்கின கன்றுகள் யன்னலில்தான் நிற்கின்றன. பகலில் வெயில் நன்றாக எறிக்கிறது. ஆனால் வெளியே வைக்கப் பயமாக இருக்கிறது. எத்தனை மணித்தியாலம் வைக்கலாம், எப்போது நடலாம் என்று எழுது. உனக்குத்தான் தெரியும்.

முந்தி எழுதினேனே என்று சொல்லாதே. அந்தக் கடிதத்தை நான் அன்றைக்கே குப்பையில் போட்டுவிட்டேன்.

சிவானந்தன்