அடுக்களைக் கதவில் காணாமற்போன ஏழு நறுக்குகள்

வாழ்க, வளர்க. மூன்று ஏரியும் நிரம்பித் ததும்பும் செங்கழனி நாட்டின் செங்கோல் ஏந்தியவரும், பகைவரின் முதுகு கண்டே பழகியவருமாகிய முத்தாவளி தேவியார் திருவாய் மலர்ந்தருள, ஓலைநாயகம் காரிகண்ணன் எழுதிய இவ்வோலையைப் புலியூற்றுக் கோட்டைத்தலைவர் அடலேறனாரின் இல்லக்கிழத்தி நீலநங்கையார் கண்டு தெளிக. உம் கிணறு வற்றாதிருக்க. உம் அடுப்பு அணையாதிருக்க. உம் பெண்மக்கள் இருவரும் நெடிது வாழ்க.

நங்கையீர், வாரத்துக்கு என்னென்ன சமையல் என்று எழுதி உம் அடுக்களைக் கதவில் நீர் தொங்கவிட்டிருந்த ஏழு ஓலை நறுக்குகளும் சென்ற ஞாயிறன்று காலை காணாமற்போயின அல்லவா? எலி இழுத்துப் போயிற்று என்று பொறி வைத்தீராம், பணிப்பெண்ணையும் கடிந்துகொண்டீராம். பாவம், எலிமீதும் குற்றமில்லை, அவள்மீதும் குற்றமில்லை. எடுத்தவர் உம் கணவர். அவற்றைப் பட்டுத்துணியில் சுற்றி, மார்போடு அணைத்து, இரண்டு நாள் குதிரை ஏறிவந்து தேவியாரின் திருமுன் வைத்தார்.

அவர் விண்ணப்பித்தது யாதெனில்: அமைதிக்குப் பிணையாக நான்கு திங்களாய்த் தம் இல்லத்தில் தங்கியிருக்கும், மலைவாசல் மன்னரின் தம்பியாராகிய சேந்தவேள், ஒற்றர் என்று ஐயுற இடமுண்டு. பாரவண்டி வாரம் ஒருமுறையே மலையேறுவதால் ஏழு நாள் உணவையும் சனி மாலையே முடிவு செய்வது உம் வீட்டு வழக்கம். அவ்வேளையில் வேள் அடுக்களை வாயிலில் சம்மணமிட்டுக் கீரை ஆய்ந்து கொடுக்கிறார். எந்நாளில் எத்தனை படி அரிசி உலையேறுகிறது என்று அறிந்தவர், கோட்டைக்குள் எத்தனை வீரர் என்பதையும் அறிவாரன்றோ? ஆதலால் அவரை உடனே வேறு கோட்டைக்கு மாற்றியருள வேண்டும் என்பது.

அமைச்சர்களின் முகம் வெளுத்துவிட்டது. வேள் உம் இல்லத்தில் உண்ணும் நாள்வரைதான் மலைவாசலார் வில்லெடுப்பதில்லை என்பது உடன்படிக்கை. அவரை ஒற்றர் என்று சொல்லி வெளியேற்றினால், வரும் தை விளைச்சலை நம் உழவர்கள் அறுக்கமாட்டார்கள், மலைவாசலார் குதிரைக் குளம்புகளே அறுக்கும்.

தேவியார் நறுக்குகளை வாங்கி ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தருளினார். திங்கள், வரகுச்சோறும் பிரண்டைத் துவையலும், வேளுக்கு. செவ்வாய், சுண்டைவற்றல் குழம்பு, புளி தூக்கலாக, வேளுக்கு. வியாழன், கருணைக்கிழங்கு மசியல், வேளுக்கு. சனி, உளுந்தங்களி, குழி நிறைய நல்லெண்ணெய், வேளுக்கு. மற்ற மூன்றில் இரண்டு பெண்மக்கள் கேட்டவை, ஒன்று வாயிற்காவலர் கேட்டது. ‘வேளுக்கு’ என்று வந்த ஒவ்வொரு முறையும் கோட்டைத்தலைவரின் மீசை துடித்ததை அவை முழுதும் கண்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறீரோ என்று தேவியார் வினவ, அம்மனிதர் உடைந்தே போனார்.

ஆம், வயிறு எரிகிறது என்றார். ஒரு வாரத்தில் நான்கு நாள் அந்த மனிதருக்கா என்றார். கிணற்றுக் கயிற்றைப் பார்ப்பதுபோல் சனிதோறும் அடுக்களைப் பக்கம் நடந்ததையும், உள்ளே நீர் சிரித்தது கேட்டு நின்றதையும் ஒளிக்காமல் சொன்னார். ‘ஆகா, என்ன புளி, என்ன பதம்!’ என்று வேள் நாக்கைச் சப்புக்கொட்டும்போது உம் முகம் மலர்வது அவருக்கு நெஞ்சில் முள்ளாய்த் தைத்ததாம். தமக்குத் தொண்டை அரிக்கும் என்று தெரிந்தும், வேளுக்கு மிஞ்சக்கூடாதென்றே கருணைக்கிழங்கை மூன்று முறை கேட்டு வாங்கி உண்டு, விடிய விடிய இருமினாராம். உம் ஒழுக்கத்திலோ வேளின் ஒழுக்கத்திலோ தாம் ஐயுறவில்லை என்று வாள்மீது கைவைத்துச் சொன்னார். தேவியாரும் ஐயுறவில்லை.

‘கோட்டைத்தலைவரே, உமக்கென்று ஒரு நறுக்கும் இல்லையே, ஏன்?’ என்று தேவியார் கேட்டருளினார். மணமான நாள்முதல் பதினாறு ஆண்டுகள் நீர் சனிதோறும் கேட்டீர் என்றும், தாம் சனிதோறும் ‘ஏதாவது செய்’ என்றே விடை சொன்னதாகவும், அதுவே நல்ல கணவனுக்கு அழகென்று எண்ணியதாகவும், மூன்று ஆண்டுகளாய் நீர் கேட்பதை விட்டுவிட்டதைத் தாம் கவனிக்கவே இல்லை என்றும் சொன்னார். ‘உங்களுக்கு என்ன பிடிக்கும்?’ என்று வேளிடம் நீர் கேட்டது காதில் விழுந்த அன்றுதான் உறைத்ததாம். ‘அழுத பிள்ளைதான் பால் குடிக்கும், அது தெரியாதா உமக்கு?’ என்று தேவியார் அவரைக் கடிந்தருளினார். அவை சிரித்தது. அடியேனும் சிரித்தேன், எழுத்தாணி இரண்டிடத்தில் ஓலையைக் கிழித்துவிட்டது.

பின்னர் தேவியார் சிரிப்பை நிறுத்தி, ‘உம்மை விடும், நீலநங்கைக்குப் பிடித்தது எது, இவ்வேழில் அதற்கு ஏன் ஒரு நாளும் இல்லை?’ என்று அவரைக் கேட்டருளினார்.

நங்கையீர், பகைவர் யானை எத்தனை, அவற்றில் மதம் பிடித்தது எது என்று உறக்கத்திலும் சொல்லக்கூடியவர் அவர். நறுக்குகளைக் கையில் வாங்கினார். முன்னும் பின்னும் புரட்டினார். தமக்குத் தெரியாது என்றார். பத்தொன்பது ஆண்டில் ஒருநாளும் தாம் கேட்டதில்லை என்றார். அதைச் சொன்ன பிறகு வேளைப் பற்றி ஒரு சொல்லும் அவர் வாயில் வரவில்லை.

ஆதலால் தேவியாரின் ஆணை இது. சேந்தவேள் அவ்வில்லத்திலேயே இருப்பார், அவர் கேட்ட சமையல் வாரம் இரண்டு நாளுக்கு மேல் கிடையாது, உடன்படிக்கை நிலைபெறும். கருணைக்கிழங்கு கோட்டைத்தலைவர் இலையில் இனி விழலாகாது. இவ்வோலையைக் கொண்டுவருபவரும் அவரே. இதில் எழுதியிருப்பது இன்னதென்று அவருக்குச் சொல்லப்படவில்லை. நீர் படித்து முடிக்கும்வரை அவர் உம் அடுக்களை வாயிலில் நிற்பார். படித்தபின் நீர் நிமிர்ந்து பார்க்கலாம். ஆனால் ஒன்றும் பேசலாகாது. அவருக்கு உம்மிடம் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது. வழியெல்லாம் அதைத் தமக்குத்தாமே சொல்லிப் பார்த்துக்கொண்டு வருவார். அவர் அதைக் கேட்டு முடிக்கும்வரை பொறுத்திருக்க.

இரட்டைக் கெண்டை இலச்சினை இட்டோம்.